பாட்டு கிளாஸில் பாட்டு எங்கே?

போன செப்டம்பரில் என் மகளைப் பாட்டு கிளாஸில் சேர்க்கப் போனேன். அவளுக்கு எட்டு வயசு. நாங்க இருப்பது லண்டனுக்கு வெளியே. டீச்சர் வீடு காரில் இருபது நிமிஷம். வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஷூ கிடந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகள் ஸரிகம பாடுற சத்தம். மகளை உள்ளே அனுப்பிட்டு, "நான் கார்ல இருக்கேன் டீச்சர், முடிஞ்சதும் வரேன்" என்றேன்.

டீச்சருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்ல யாரும்மா கூட உக்காந்து பாட வைப்பா?"

"அவளே பாடிப்பா டீச்சர்."

"எட்டு வயசுக் குழந்தை தானா உக்காந்து சரளி வரிசை பாடி நான் பார்த்ததில்லை. உனக்குப் பாட்டு தெரியுமா?"

"சின்ன வயசுல கொஞ்ச நாள் கத்துக்கிட்டேன். அலங்காரத்தோட நிறுத்திட்டேன்."

"அப்ப நீயும் உள்ள வா. ஷூவைக் கழட்டு."

இப்படித்தான் நாற்பத்திரண்டு வயசில் நான் மறுபடி முதல் சரளி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் என் மகள், மறுபக்கம் பல் விழுந்த ஆறு வயசுப் பையன். அவன் என்னைவிட நல்லாப் பாடினான்.

நம்மில் நிறையப் பேர் பிள்ளைகளைப் பாட்டு கிளாஸில் விடுகிறோம். நாம் இங்கேயே பிறந்தோ வளர்ந்தோ வந்தவர்கள். நம்மையும் நம் அப்பா அம்மா இப்படி விட்டிருப்பார்கள், பாதியில் நின்றிருப்போம். இப்போது நம் முறை. ஆனால் அந்த முதல் வருஷத்தில் உள்ளே என்ன நடக்கிறது, ஏன் அவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. கார் பார்க்கிங்கில் இருந்தால் தெரியவும் தெரியாது. உள்ளே உட்கார்ந்ததால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் மூணு மாசம்

இரண்டாவது வாரமே மகள் காரில் கேட்டாள்: "அம்மா, இது பாட்டு கிளாஸ்தானே? பாட்டு எங்கே?"

நியாயமான கேள்வி. பாட்டே இல்லை. ஸ ரி க ம ப த நி, ஏறி இறங்கு. அதையே மூன்று வேகத்தில் பாடு. இந்தப் பாடமுறையை வகுத்தவர் என்று புரந்தரதாசரைச் சொல்வார்கள். அவர் 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில் வாழ்ந்த கன்னடக்காரர். அவர் ஆரம்பப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது மாயாமாளவகௌளை ராகம். 72 மேளகர்த்தாக்களில் அது 15-ஆவது.

ஏன் அந்த ராகம்? கீபோர்டு இருந்தால் வாசித்துப் பாருங்கள். சி-யை ஸ என்று வைத்தால், சி, டி ஃப்ளாட், ஈ, எஃப். அங்கே நிறுத்துங்கள். பிறகு ஜி, ஏ ஃப்ளாட், பி, மேல் சி. முதல் நாலுக்கும் அடுத்த நாலுக்கும் இடைவெளி அப்படியே ஒன்று: ஒரு சின்ன அடி, ஒரு பெரிய தாவல், மறுபடி ஒரு சின்ன அடி. கீழ்ப் பாதி வந்துவிட்டால் மேல் பாதிக்கும் அதே நடைதான். ஸ்வரங்களை ஆட்டாமல் அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடவும் இது தோதான ராகம்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஸ்கூலில் டோ ரே மி பாடிப் பழகியவர்கள் அவர்கள். அந்த ரே, ஸ-வை விட்டு ஒரு முழு அடி தள்ளி இருக்கும். மாயாமாளவகௌளையின் ரி, ஸ-வுக்கு ஒட்டினாற்போல அரை அடியில் இருக்கும். அதனால் பிள்ளைகள் ரி-யை மேலே தூக்கிவிடுவார்கள். டீச்சர் "கீழே, கீழே" என்று கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே இருப்பார். பிள்ளைக்குக் காது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காது வேற ஒரு ஏணியில் ஏறிப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கும் அதே தப்புதான் வந்தது.

தாளம் அடுத்தது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. முதல் வரிசையில் ஏறி இறங்க மொத்தம் பதினாறு ஸ்வரம். முதல் காலத்தில் அதற்கு இரண்டு ஆவர்த்தனம் ஆகும், இரண்டாம் காலத்தில் ஒன்று, மூன்றாம் காலத்தில் அரைதான். அதனால் அங்கே இரண்டு தரம் பாடினால்தான் தாளம் முடிகிற இடத்தில் பாட்டும் முடியும். வேகம் கூடும்போது கையும் சேர்ந்து ஓடக் கூடாது. கை அதே நிதானத்தில் இருக்கணும், வாய் மட்டும் ஓடணும். எட்டு வயசுக்கு இது பெரிய வேலை. நாற்பத்திரண்டுக்கும் பெரிய வேலைதான்.

சுருதியும் கட்டையும்

டீச்சர் "இவளுக்கு அஞ்சரைக் கட்டை" என்றால் பயப்பட வேண்டாம். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். நம்ம சங்கீதத்தில் ஸ எங்கே என்பதைப் பாடுபவரின் குரல்தான் முடிவு செய்கிறது. பெண்களுக்குப் பொதுவாக ஐந்தை ஒட்டியும், ஆண்களுக்கு ஒன்று இரண்டை ஒட்டியும் அமையும். பிள்ளைகளுக்கு வயசோடு மாறும். பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தில் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை. சுருதியை இறக்கி, சத்தம் குறைத்து, அந்தக் காலத்தைக் கடந்துவிடலாம். டீச்சரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பையன் வெட்கப்பட்டு அவனாகச் சொல்ல மாட்டான்.

போனில் ஒரு தம்பூரா ஆப் போதும். ஆனால் சுருதி போடாமல் வீட்டில் பாட விடாதீர்கள். சுருதி இல்லாமல் பாடினால் தப்பு காதுக்குக் கேட்காது. கேட்காத தப்பு பழக்கமாகிவிடும். டீச்சர் எங்களுக்குச் சொன்ன முதல் வீட்டுப்பாடமே ஒரு வாரம் முழுக்க ஸ மட்டும் பாடுவதுதான். ஆ என்று வாயைத் திறந்து, தம்பூராவோடு ஒட்டி, மூச்சு இருக்கும்வரை நிறுத்தணும். ஒட்டினால் உங்கள் குரல் தம்பூராவுக்குள்ளே காணாமல் போகிற மாதிரி இருக்கும். அந்த உணர்வைப் பிள்ளைக்கு ஒரு தரம் காட்டிவிட்டால், பிறகு நாம் திருத்த வேண்டிய வேலை பாதி குறையும்.

இன்னொரு சின்ன விஷயம், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. இங்கிலீஷ் பேசும் வாய் ப-வை ஒரு காற்றோடு தள்ளும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் "ப" சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் காற்று பட்டால் அது இங்கிலீஷ் ப. படாமல் வந்தால் நம்ம ப. என் மகள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். இரண்டு மாசத்தில் "பாட்டி", "பால்" எல்லாம்கூட மாறிவிட்டது. தமிழ் கிளாஸில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

"எனக்குப் பாட்டு வரலை"

ஜனவரியில் ஒரு நாள் மகள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். ஜண்டை வரிசை மூன்றாம் காலம் வரவே இல்லை. "எனக்குப் பாட்டு வரலை. நான் நிறுத்திக்கிறேன்" என்று அழுதாள்.

எனக்கு வயித்தில் என்னவோ செய்தது. இதே வார்த்தையைப் பதினொரு வயசில் நானும் சொன்னேன். ஒரு பொங்கல் விழா, வாடகைக்கு எடுத்த ஸ்கூல் ஹால். ஆறு பெண்கள் சேர்ந்து பாடினோம். மைக் என் பக்கத்தில் இருந்தது, நான் சுருதி விலகிப் பாடினேன். முன் வரிசையில் ஒரு மாமா பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. மறு வாரம் அம்மாவிடம், "எனக்குப் பாட்டு வரலைம்மா, நிறுத்திக்கிறேன்" என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவே இல்லை. சுருதிப் பெட்டி மாடி அலமாரிக்குப் போனது.

அதனால் மகளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "நிறுத்தாதே" என்றால் யாருக்காக அதைச் சொல்கிறேன், அவளுக்கா, பதினொரு வயசு எனக்கா? ஒன்றும் சொல்லாமல் பாயை விரித்து, ஆப்பைப் போட்டு, என் பாடத்தைப் பாட ஆரம்பித்தேன். மூன்றாம் காலத்தில் நானும் விழுந்தேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி விழுந்தேன். சோபாவிலிருந்து குரல் வந்தது:

"அம்மா, உன் ரி மேல போகுது."

"அப்படியா? நீ பாடிக் காட்டு."

காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் நான் மாணவி, அவள் டீச்சர். அம்மா தப்புச் செய்வதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் தப்பு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. நான் பாடத் தெரிந்த அம்மாவாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் "எனக்கே ஒண்ணும் தெரியாதே, நான் எப்படி உதவி பண்றது?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான்: தெரியாமல் இருப்பதுதான் உதவி. கூட உட்காருங்கள். பதினைந்து நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பாடுவதைவிட இதுதான் ஒட்டும். கிளாஸ் என்பது திருத்திக்கொள்ளப் போகிற இடம். பாட்டு வளர்வது வீட்டில்.

ஆன்லைனா, நேரிலா?

பக்கத்தில் டீச்சர் இல்லாதவர்கள் நிறையப் பேர். ஆன்லைனில் நல்லாவே கற்றுக்கொள்ளலாம், ஒரு குறையைப் புரிந்துகொண்டால். சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதனால் டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது. அவர் பாட, பிள்ளை திருப்பிப் பாட, அப்படித்தான் போகும். தம்பூரா பிள்ளை பக்கம் ஒலிக்கணும். ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். செட்டிங்கில் "ஒரிஜினல் சவுண்ட்" என்பதைப் போட்டுவிடுங்கள். சேர்ந்து பாடும் பழக்கத்துக்குத்தான் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

நேரில் என்றால், சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கிளாஸ் உட்கார்ந்து பாருங்கள். மூன்று விஷயம் கவனிங்க. சுருதி போட்டுக்கொண்டு பாடுகிறார்களா? கூட்டமாகப் பாட வைத்தபின் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாடச் சொல்கிறாரா? பாடத்தைப் பதிவு செய்துகொள்ள விடுகிறாரா? இந்த மூன்றும் இருந்தால், ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை மேடை ஏறுமா ஏறாதா என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பாட்டு வந்தது

ஏப்ரலில் டீச்சர் ஒரு சின்னப் பாட்டு சொல்லித் தந்தார். இரண்டு வரி பாடியதும் மகள் குதித்தாள்: "டீச்சர், இது நம்ம நேஷனல் ஆந்தம்!" அவள் சொன்னது சரி. 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் எழுதியவை நோட்டு ஸ்வரங்கள். அதில் ஒன்று, இங்கே பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த மெட்டு. நம்மூர் மனுஷர் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதை எடுத்துத் தன் பாட்டாக்கிக்கொண்டார் என்பதில் அவளுக்கு ஒரே பெருமை. ஸ்கூலில் போய்ப் பாடிக் காட்டினாள்.

அதற்குப் பின் அலங்காரம், ஏழு தாளத்துக்கு ஏழு. அது முடிந்ததும் மலஹரி ராகத்தில் பிள்ளையார் மேல் கீதம். அதுவும் தமிழ் இல்லை. "தமிழ் கத்துக்கட்டும்னுதானே சேர்த்தோம், தமிழ்ப் பாட்டு எப்போ?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இந்தக் கேள்வி புதுசு இல்லை. ராஜா அண்ணாமலைச் செட்டியார் போன்றவர்கள் இதையே கேட்டு, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்கள். சீர்காழி அருணாசலக் கவிராயர், முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் என்று தமிழில் பாட நிறைய இருக்கிறது. டீச்சரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். கோயில் பக்கத்தில் இருந்தால் தேவாரம் சொல்லித் தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஆனால் சரளி வரிசைக்கு மொழி கிடையாது. அங்கே அவசரப்பட வேண்டாம்.

கதவுக்குப் பின்னால்

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தொரு வயசு. நாங்கள் பாடும்போது சமையலறையில் இருப்பார். மார்ச் மாசம் ஒரு நாள் நான் தாளத்தில் ஒரு விரலை விட்டுவிட்டேன். உள்ளேயிருந்து, "மோதிர விரலை முழுங்கிட்டியே" என்றார். எட்டிப் பார்த்தேன். கரண்டி ஒரு கையில், மறு கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

அப்போதுதான் சொன்னார். கும்பகோணத்தில் அவர் வீட்டில் பெரியம்மாவுக்குப் பாட்டு வாத்தியார் வந்தாராம். பெண் பார்க்க வருபவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்பார்களே, அதற்காக. அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பாராம். ஜண்டை வரிசை இரண்டாவது வரைக்கும் அப்படியே வந்துவிட்டதாம். பெரியம்மா கல்யாணம் முடிந்ததும் வாத்தியாரை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது பத்து வயசு.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை? நான் நிறுத்தறேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு நீ அழுதுட்டு நின்னே. நான் என் கதையைச் சொல்லியிருந்தா நீ எனக்காகப் பாடியிருப்பே. அது வேண்டாம்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷமும் அம்மா கேட்காததை அக்கறை இல்லாததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் மகளிடம் நான் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். முதல் கீதம் முடியட்டும். அதற்குப் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்பது அவள் முடிவு. அவள் நிறுத்தினாலும் நான் போவேன். அதை அவளிடம் சொல்லியும் விட்டேன், என்னால் அவள் மாட்டிக்கொண்டதாக நினைக்கக் கூடாது என்பதற்காக.

இப்போது வீட்டில் தினமும் இரண்டு சுருதி. எங்கள் ஐந்தரைக் கட்டை அம்மாவுக்கு எட்டவில்லை. வயசாக ஆகக் குரல் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் பத்து நிமிஷம் எங்கள் சுருதியில், பத்து நிமிஷம் நாலு கட்டையில். அந்தப் பத்து நிமிஷம் மகளுக்குக் கீழ் ஸ்வரம் எட்டாது, முனகுவாள். பாட்டிக்காகப் பொறுத்துக்கொள்கிறாள்.

"நீயும் கிளாஸுக்கு வாயேன்மா, ஃபீஸ் கட்டிடறேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "எனக்கு எதுக்கு ஃபீஸ்? கதவுக்குப் பின்னாலயே கத்துக்குவேன்" என்றார். ஆனால் இந்தச் சனிக்கிழமை காரில் வந்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வீட்டைப் பார்த்துவிட்டு வரப் போகிறாராம். டீச்சர் வாசலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.